சக ஊழியர் உங்கள் மேல் புகார் கொடுத்தால்: பெங்களூரு அலுவலகங்களில் நடப்பதும் செய்ய வேண்டியதும்

பெரும்பாலும் அது ஒரு காலண்டர் அழைப்பாகத்தான் வரும். தலைப்பில் ‘கனெக்ட்’ என்றோ ‘குயிக் சாட்’ என்றோ இருக்கும். அழைத்தவர் ஹெச்ஆர். உள்ளே போனால் உங்கள் மேனேஜர் இருக்க மாட்டார். இதுவரை பார்த்திராத ஒருவர் லேப்டாப்பைத் திறந்துவைத்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். ‘உங்களோட வேலை பார்க்கிற ஒருத்தர் ஒரு கன்சர்ன் ரெய்ஸ் பண்ணியிருக்காங்க’ என்று பேச்சு தொடங்கும். செய்த காரியத்தால் மாட்டிக்கொள்பவர்களைவிட, அடுத்த அரை மணி நேரத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

அந்த அறையில் உங்களுக்கு உள்ள வேலை ஒன்றுதான். என்ன புகார், எந்த வழியில் விசாரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு வெளியே வர வேண்டும். குற்றச்சாட்டு எழுத்தில் இருக்கிறதா, நகல் எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். எந்தத் தேதி, எந்த இடம், எந்தச் சொல் அல்லது செயல் என்று கேளுங்கள். நிறுவனத்தின் எந்தக் கொள்கையின் கீழ் இது வருகிறது, விசாரிப்பவர் யார், பதிலுக்கு எத்தனை நாள், அதுவரை புகார் கொடுத்தவரோடு வேலை விஷயமாகப் பேச வேண்டி வந்தால் எப்படிப் பேசுவது என்பதையும் கேளுங்கள். கடைசிக் கேள்வியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டு பேரும் ஒரே ஸ்பிரிண்டில் (குறுகிய கால வேலைச் சுற்றில்) இருந்தால் மறுநாள் காலை ஸ்டாண்டப் எனும் குறுங்கூட்டத்திலேயே அது தலைவலியாகும்.

எதிரே இருப்பவர் தமிழர் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. ‘பிரதர், இது ஆஃப் த ரெக்கார்டு, சும்மா சொல்லுங்க, என்னதான் நடந்துச்சு?’ என்று ஊர்ப் பேச்சில் கேட்டதும் மனம் இளகிவிடும். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கேட்டதைக் குறித்துவைப்பது அவருடைய வேலை. ஹெச்ஆரிடம் பேசும் பேச்சில் ஆஃப் த ரெக்கார்டு என்று எதுவும் கிடையாது. ‘எழுத்துல பார்த்துட்டு முழுசா பதில் சொல்றேங்க, கண்டிப்பா ஒத்துழைக்கிறேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அது மழுப்பல் ஆகாது. விசாரிப்பவர்களுக்கும் நிதானமாக யோசித்துச் சொன்ன பதில்தான் உதவும்.

சந்திப்பு முடிந்ததும் அதன் குறிப்பு மெயிலில் வரும். அன்றைக்கே படியுங்கள். ‘தான் குரல் உயர்த்தியதாக ஒப்புக்கொண்டார்’ என்று நீங்கள் சொல்லாத வரி இருந்தால், ‘இரண்டாவது பத்தியில் ஒரு திருத்தம்: நான் சொன்னது இது’ என்று அதே மெயில் சங்கிலியில் பதில் போடுங்கள். பத்து நாள் கழித்துத் திருத்தினால் பின்யோசனையாகத் தெரியும். தாளில் கையெழுத்துக் கேட்டால், ‘பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்றதாகாது’ என்று மேலே எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடலாம்.

எந்தப் பாதையில் போகிறது

எல்லாப் புகாருக்கும் ஒரே மாதிரி ஆயத்தம் தேவையில்லை. மீட்டிங்கில் கத்தினார், பத்துப் பேரை சிசி போட்டு மானத்தை வாங்கினார், என் வேலையைத் தன் வேலையாகக் காட்டினார் என்பவை பெரும்பாலும் மேனேஜர் மட்டத்தில் ஒரு சந்திப்பு, ஒரு மெயில் என்று முடிந்துவிடும். இதற்குப் பதினான்கு பக்கத்துக்கு இணைப்புகளோடு பதில் அனுப்புபவர்கள் உண்டு. சின்னதைப் பெரிதாக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

அடுத்தது நடத்தை விதிப் புகார். எத்திக்ஸ் ஹாட்லைன் வழியாகவோ, ஹெச்ஆரின் எம்ப்ளாயி ரிலேஷன்ஸ் குழு வழியாகவோ வரும். ஹாட்லைனில் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம் என்பதால், யார் கொடுத்தார் என்று உங்களுக்கு அதிகாரபூர்வமாகத் தெரியாமலே போகலாம். தெரிந்துகொள்ள முயலவும் கூடாது. ‘நீயா போட்டது?’ என்று ஒருவரிடம் சிரித்துக்கொண்டே கேட்டாலும் அது பழிவாங்கும் முயற்சியாகப் பதிவாகும். முதல் புகார் நிற்காமல் போய், இந்தக் கேள்விக்காகவே எச்சரிக்கைக் கடிதம் வாங்கிய கதைகள் பெங்களூரின் டெக் பார்க்குகளில் ஏராளம்.

மூன்றாவது, பாலியல் துன்புறுத்தல் புகார். இது ஹெச்ஆர் கையில் இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனத்துக்குள் அமைந்த உள்குழு விசாரிக்க வேண்டும். அதன் காலக்கெடு, நடைமுறை எல்லாம் வேறு. பின்னால் விரிவாக வருகிறது.

முதல் இரண்டு நாள்

புகார் கொடுத்தவரிடம் பேசாதீர்கள். மன்னிப்புக் கேட்கக்கூட இப்போது போகாதீர்கள். ‘நேரில் பேசினால் ஐந்து நிமிஷத்தில் தீரும்’ என்பது நம் ஊர்ப் பழக்கம். வீட்டுச் சண்டையில் அது பலிக்கும். எழுத்தில் புகார் ஆன பிறகு, அந்த ஐந்து நிமிஷம் ‘என்னை மிரட்டிப் புகாரைத் திரும்பப் பெறச் சொன்னார்’ என்று இரண்டாவது குற்றச்சாட்டாகிவிடும். சாட்சி யாரும் இல்லாததால் மறுக்கவும் வழி இருக்காது.

நண்பர்கள் இதைவிட ஆபத்து. ‘விடு மச்சி, நான் அவகிட்ட பேசுறேன்’ என்று கிளம்புபவரைத் தடுத்து நிறுத்துங்கள். அவர் போய்ப் பேசினால் நீங்கள் அனுப்பியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஓசூரிலிருந்து வரும் கம்பெனி பஸ், எலெக்ட்ரானிக் சிட்டி ஃபுட் கோர்ட்டின் தமிழ் மேசை, மாரத்தஹள்ளி பிஜியின் மொட்டை மாடி: மூன்று இடத்திலும் வாயைத் திறக்காதீர்கள். பஸ்ஸில் சொன்னது அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் இன்னொரு டீமுக்குப் போய்விடும். உங்கள் சாட்சியாக வரக்கூடியவரும் அதே பஸ்ஸில்தான் இருப்பார். முன்கூட்டியே கதையைக் கேட்டிருந்தால் அவருடைய சாட்சியத்துக்கு மதிப்புக் குறையும்.

யாரிடமும் சொல்லாமல் இருந்தால் தலை வெடித்துவிடும் என்பது உண்மைதான். வீட்டில் சொல்லுங்கள். வேறு நிறுவனத்தில் இருக்கும் ஒரு மூத்தவரிடம், பெயர்களை விட்டுவிட்டு, ‘அண்ணா, இப்படி ஒரு சிக்கல்’ என்று சொல்லுங்கள். தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவர் விசாரணைக்குள் வர முடியாமல் போகலாம், ஆனால் நீங்கள் அனுப்பப்போகும் பதிலைப் படித்து எந்த வாக்கியம் உங்களுக்கே எதிராகத் திரும்பும் என்று காட்டிவிடுவார்.

எதையும் அழிக்காதீர்கள். டீம்ஸிலோ ஸ்லாக்கிலோ நீங்கள் டெலீட் செய்த செய்தி உங்கள் திரையிலிருந்து போகும். பல நிறுவனங்களில் அதன் நகல் சர்வரில் இருக்கும். புகார் தெரிந்த அன்று மாலை அழித்த செய்தி, அதில் இருந்த சொல்லைவிட மோசமான சாட்சி.

இன்னொரு பொறியில் படித்தவர்களே அதிகம் விழுகிறார்கள். பயத்தில், அலுவலக மெயில்களை மொத்தமாகத் தன் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்துகொள்வது. கிளையன்ட் விவரம் உள்ள ஒரு மெயில் அதில் போனாலும் தகவல் கசிவு என்று கணினியே எச்சரிக்கை அனுப்பும். அசல் புகாரில் வாய்மொழி எச்சரிக்கையோடு தப்ப வேண்டியவர், இதனால் வேலையையே இழக்கலாம். மெயில்களை அலுவலக அமைப்புக்குள்ளேயே தனி ஃபோல்டரில் சேருங்கள். லேப்டாப்பும் அனுமதியும் திடீரென்று பறிக்கப்படலாம் என்ற பயம் இருந்தால், தேதி, நேரம், தலைப்பு, அனுப்பியவர், பெற்றவர் என்று ஒரு பட்டியலைக் கையால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் ‘இன்ன தேதி, இன்ன நேர மெயிலை எடுத்துத் தாருங்கள்’ என்று கேட்க அது போதும்.

சாட்சியங்களைச் சேர்ப்பது

புகாரில் சொல்லப்பட்ட ஒவ்வொரு தேதிக்கும் ஒரு காலவரிசை எழுதுங்கள். நினைவு சூடாக இருக்கும்போதே, அதே இரவில். நான்கு கட்டம் போதும்: தேதியும் நேரமும், என்ன நடந்தது, யார் இருந்தார்கள், எதை வைத்துச் சொல்கிறேன். நான்காவது கட்டம் காலியாக இருந்தால் ‘நினைவு மட்டும்’ என்று எழுதுங்கள். எது ஆதாரம், எது உங்கள் ஊகம் என்று அப்போதே பிரிந்துவிடும்.

ஸ்கிரீன்ஷாட்டில் பலர் கோட்டைவிடுகிறார்கள். ‘நேற்று’, ‘செவ்வாய்’ என்று காட்டும் திரையை எடுத்தால் ஒரு மாதம் கழித்து அது எந்தச் செவ்வாய் என்று யாருக்கும் தெரியாது. முழுத் தேதி தெரியும்படி எடுங்கள். உங்களுக்குச் சாதகமான ஒரு வரியை மட்டும் வெட்டாமல், அதற்கு முன்னும் பின்னும் உள்ள பேச்சோடு எடுங்கள். வெட்டிய படத்தை நீங்கள் கொடுத்து, மீதியை எதிர்த்தரப்பு கொடுத்தால் உங்கள் மற்ற ஆதாரங்களையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். ஐடி குழு எடுத்துத் தரும் சாட் பதிவில் நேரம் சில சமயம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். இரவு 11 மணிக்கு அனுப்பிய செய்தி அதில் மாலை 5.30 என்று நிற்கும். இரவில் தொந்தரவு செய்தாரா இல்லையா என்ற கேள்வியே அந்த வித்தியாசத்தில் தலைகீழாகிவிடும். எந்த நேர மண்டலம் என்பதைப் பதிலில் குறிப்பிடுங்கள்.

சிசிடிவி பதிவு கொஞ்ச நாள்தான் இருக்கும். பிறகு அதன்மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். பல இடங்களில் ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது. அதனால் பதில் எழுதும்வரை காத்திராமல், முதல் நாளே இப்படி ஒரு மெயில் போடுங்கள்: ‘இன்ன தேதி, மாலை 6.00 முதல் 6.45 வரை, 4ஆம் தளத்து லிஃப்ட் முகப்புக் கேமரா பதிவையும், அதே நேர அக்சஸ் கார்டு பதிவையும் விசாரணைக்காகப் பாதுகாத்து வைக்க வேண்டுகிறேன்.’ பெங்களூரில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், டெக் பார்க்குகளில் உங்கள் தளத்துக்குள் இருக்கும் கேமரா நிறுவனத்துடையது. கீழே லாபி, ஃபுட் கோர்ட், பார்க்கிங் கேமராக்கள் பெரும்பாலும் வளாக நிர்வாகத்துடையவை. நிறுவனம் தனியாக எழுதிக் கேட்க வேண்டும், அதற்கே ஒரு வாரம் போகும். இரவு ஷிப்டு கேப்பில் நடந்ததாகப் புகார் என்றால் டிரிப் ஷீட்டும் ஜிபிஎஸ் பதிவும் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் கிடைக்கும். யார் எங்கே ஏறினார், கடைசியாக இறங்கியவர் யார், காவலர் வண்டியில் இருந்தாரா என்பது அதில் தெரியும்.

ரகசியமாகக் குரல் பதிவு செய்வதைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். எங்கள் கருத்து, வேண்டாம். பல நிறுவனங்களின் விதியில் அது தனிக் குற்றம். அதோடு, பதிவு செய்கிறோம் என்று தெரிந்து பேசும்போது உங்கள் குரலே செயற்கையாகிவிடும்.

பதில் எழுதுவது

பதில் எழுதும்போது ஒரு வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்: புகாருக்குப் பதில் எழுதுகிறோம், புகார் கொடுத்தவருக்கு அல்ல. பெரும்பாலான பதில்கள் ‘அவருக்கு வேலை தெரியாது, அப்ரைசலில் ரேட்டிங் குறைந்ததால் பழிவாங்குகிறார், முந்தைய டீமிலும் இப்படித்தான் செய்தார்’ என்று தொடங்குகின்றன. விசாரிப்பவர் மேசையில் இருக்கும் கேள்வி, 12ஆம் தேதி ஸ்டாண்டப்பில் என்ன சொன்னீர்கள் என்பது. நீங்கள் அவருடைய குணத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினால், அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை என்றே அவர் நினைப்பார். பழி வாங்க உண்மையிலேயே காரணம் இருந்தால், கடைசியில், ஒரே பத்தியில், தேதியோடு: ‘5ஆம் தேதி நான் அவருடைய ரிலீஸை நிறுத்தினேன், 7ஆம் தேதி இந்தப் புகார் வந்தது.’ அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

உதாரணத்துக்கு, புகார் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: ‘ஸ்டாண்டப்பில் எல்லார் முன்னாலும் என்னை முட்டாள் என்றார். என் கோடு ரிவ்யூக்களை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார். எப்போதும் தமிழில் பேசி என்னை ஒதுக்குகிறார்.’ இது ஒரு புகார் இல்லை, மூன்று. தனித்தனியாக எண் போட்டுப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏற்கிறேன், மறுக்கிறேன், ஒரு பகுதியை ஏற்கிறேன், நினைவில்லை என்ற நான்கில் ஒன்று முதல் வரியிலேயே வர வேண்டும்.

‘ஒன்று. ஒரு பகுதியை ஏற்கிறேன். அன்று நான் சொன்னது, இது முட்டாள்தனமான டிசைன் என்பது. அவரை முட்டாள் என்று சொல்லவில்லை. ஆறு பேர் இருந்த அழைப்பில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது சரியில்லை. இரண்டு. மறுக்கிறேன். இந்தக் காலாண்டில் அவர் அனுப்பிய ரிவ்யூக்களும் மற்றவர்கள் அனுப்பியவையும் எத்தனை மணி நேரத்தில் முடிந்தன என்ற பட்டியல் இணைப்பு 1இல். மூன்று. ஒரு பகுதியை ஏற்கிறேன். மதிய உணவில் தமிழில் பேசுகிறோம். அவர் இருந்த இரண்டு வேலைக் கூட்டங்களிலும் இடையில் தமிழுக்கு மாறியது உண்மை.’

இவ்வளவுதான். இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இணைப்புகளுக்கு எண், பதிலுக்குள் அந்த எண்ணைச் சுட்டும் வரி, கடைசியில் சாட்சிகளின் பெயரும் அவர்களுக்கு எது தெரியும் என்பதும். ‘என் டீம் முழுவதும் எனக்காகச் சாட்சி சொல்லும்’ என்று எழுதாதீர்கள். சம்பவ இடத்தில் இல்லாதவர் உங்களை நல்லவர் என்று சொல்வதால் பயன் இல்லை. இரவு எழுதி, காலையில் படித்து, பெயரடைகளை எல்லாம் அடித்துவிட்டு அனுப்புங்கள். ‘அப்பட்டமான’, ‘கேவலமான’, ‘திட்டமிட்ட’ என்பவை முதலில் போக வேண்டியவை.

ஏற்க வேண்டியதை ஏற்பதில் பலருக்குத் தயக்கம். ஒன்றை ஒத்துக்கொண்டால் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டதாகும் என்று பயம். நடைமுறையில் நேர்மாறாகவே பார்த்திருக்கிறோம். ஆறு பேர் கேட்ட சொல்லை மறுப்பவர், யாரும் பார்க்காத விஷயத்தில் உண்மையே சொன்னாலும் எடுபடாது. மன்னிப்பு எழுதும் நிலை வந்தால், விசாரிப்பவர் வழியாக, ‘என்ன செய்தேன், ஏன் தவறு, இனி என்ன மாற்றிக்கொள்வேன்’ என்று எழுதுங்கள். ‘மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சிடுங்க’ என்பதை யாரும் மன்னிப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

தமிழர்கள் மேல் வருகிற வழக்கமான புகார்கள்

பெங்களூரில் தமிழர்கள் அதிகமுள்ள டீம்களில் சில புகார்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கூட்டத்தின் நடுவே தமிழுக்குத் தாவுவது முதலிடம். கன்னடமும் தெலுங்கும் இந்தியும் பேசும் டீம்களிலும் இதே புகார் உண்டு, ஆனால் அது உங்கள் பதிலில் எழுதும் வாதமல்ல. வேற்று மொழிக்காரப் பெண் சக ஊழியரிடம் ‘சொல்லும்மா’, ‘இல்லம்மா’ என்பது, ஜூனியரை ‘டா’ போட்டுக் கூப்பிடுவது, வேகத்தில் ‘லூசா நீ?’ என்பது ஆகியவை நமக்குச் சாதாரணம். எதிரே இருப்பவர் குறிப்பெடுத்து வைத்திருப்பார். ‘எங்க ஊர்ல இப்படித்தான் பேசுவோம்’ என்ற விளக்கத்தை ஒருமுறை சொல்லலாம், கேட்பார்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் தெரிந்தே செய்ததாகும். ஐபிஎல் காலத்தில் டீம் வாட்ஸ்அப் குழுவில் சிஎஸ்கே, ஆர்சிபி கிண்டல் எல்லை மீறி மொழிக் கிண்டலாவது வருடாவருடம் நடக்கிறது. காவிரியை வைத்து ஜோக் போடவே வேண்டாம். 2016 செப்டம்பரில் இந்த நகரத்தில் பஸ்கள் எரிந்தது இரு பக்கத்தினருக்கும் இன்னும் நினைவிருக்கிறது.

உள்குழு விசாரணை

2013ஆம் ஆண்டுச் சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள்குழு இருக்க வேண்டும் என்கிறது. தலைவர் ஒரு மூத்த பெண் ஊழியர். உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்து, தொண்டு நிறுவனம் அல்லது இத்துறை அறிந்த ஒருவர். விசாரணை நடக்கும்போது தலைவர் உட்பட மூன்று பேராவது உட்கார வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். காரணம் சரியாக இருந்தால் குழு இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம். ‘பழைய விஷயம், செல்லாது’ என்று நினைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புகார் கிடைத்த 7 வேலை நாளுக்குள் அதன் நகலைக் குழு உங்களுக்கு அனுப்ப வேண்டும். கிடைத்த நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் உங்கள் பதில், ஆவணங்களின் பட்டியல், சாட்சிகளின் பெயர், முகவரி எல்லாம் போய்ச் சேர வேண்டும். பத்து நாள் நிறையப் போலத் தெரியும். சிசிடிவியும் சாட் பதிவும் வாங்குவதிலேயே ஆறு நாள் கரைந்துவிடும். கூடுதல் அவகாசம் வேண்டுமென்றால் கெடு முடியுமுன் எழுத்தில் கேளுங்கள், கேட்காமல் தாமதிக்காதீர்கள். தகுந்த காரணமின்றித் தொடர்ந்து மூன்று விசாரணைக்கு வராவிட்டால், 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்துவிட்டு, நீங்கள் இல்லாமலே முடிவெடுக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. வழக்கறிஞரைக் கூட்டிவர இரு தரப்புக்கும் அனுமதி இல்லை.

விசாரணை நடக்கும்போது புகார் கொடுத்தவர் கேட்டால் அவரையோ உங்களையோ இடம் மாற்றலாம், அவருக்கு மூன்று மாதம்வரை விடுப்புக் கொடுக்கலாம், அவருடைய வேலை மதிப்பீட்டை எழுதும் பொறுப்பை உங்களிடமிருந்து எடுக்கலாம். இவை இடைக்கால ஏற்பாடு, தண்டனை கிடையாது. அதை எதிர்த்து மல்லுக்கட்டிச் சக்தியை வீணாக்காதீர்கள். நீங்கள் அவருடைய லீடு என்றால், குழு சொல்லுமுன் நீங்களே ‘இவருடைய ரேட்டிங்கை வேறொருவர் பார்க்கட்டும்’ என்று எழுதிவிடுவது புத்திசாலித்தனம்.

விசாரணைக்கு முன் சமரசத்துக்கு வழி உண்டு, ஆனால் கேட்க வேண்டியவர் புகார் கொடுத்த பெண். பணம் அதன் அடிப்படையாக இருக்கக் கூடாது. நீங்கள் யாரையாவது தூது அனுப்பிச் சமரசம் பேசினால் அது சட்டம் சொல்லும் சமரசம் ஆகாது.

குழு கேட்கும் கேள்விகளுக்கு உங்கள் நோக்கத்தை மட்டும் பதிலாகத் தராதீர்கள். ‘தப்பான எண்ணத்தோடு செய்யவில்லை’ என்பது பாதிப் பதில்தான். அந்தச் செயல் எதிரே இருந்தவர் விரும்பாதது என்பதற்கு அறிகுறி இருந்ததா, அவர் சொன்னாரா, சொன்ன பிறகும் தொடர்ந்ததா என்பதைத்தான் அவர்கள் தேடுவார்கள். சாட் வரிசையில் அவர் பதில் போடாமல் விட்ட இடங்கள், பேச்சை மாற்றிய இடங்கள் எல்லாம் அங்கே பேசும். குறுக்குக் கேள்வி கேட்க விரும்பினால் பெரும்பாலும் எழுதிக் குழுவிடம் கொடுக்கச் சொல்வார்கள். பத்துக் கேள்விக்குள் நிறுத்துங்கள். அவருடைய சொந்த வாழ்க்கை, உடை, பழக்கம் பற்றி ஒன்றும் வேண்டாம்.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், அறிக்கை அதன்பின் 10 நாளில். இருவரும் ஊழியர்கள் என்றால் கண்டறிந்தவற்றின் நகலை இரு தரப்புக்கும் தந்து, ஆட்சேபம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். பலர் இந்தக் கட்டத்தைத் தெரியாமலே கடந்துவிடுகிறார்கள். பரிந்துரையை நிறுவனம் 60 நாளில் செயல்படுத்த வேண்டும். எழுத்து மன்னிப்பு, கண்டிப்பு, சம்பள உயர்வு அல்லது பதவி உயர்வு நிறுத்தம், கவுன்சிலிங், வேலைநீக்கம் என்று பரிந்துரை எதுவாகவும் இருக்கலாம். மேல்முறையீட்டுக்குப் பரிந்துரையிலிருந்து 90 நாள். இதற்கிடையே யார் பெயரையும், நடந்ததையும் வெளியே சொல்வதைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தடுக்கிறது. லிங்க்ட்இன்னில் ‘என் பக்க நியாயம்’ எழுதுவதும் இதில் அடங்கும்.

பொய்ப் புகாருக்குத் தண்டனை இல்லையா என்பது ஆண்கள் முதலில் கேட்கும் கேள்வி. 14ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் நிரூபிக்க முடியாமல் போவது வேறு, தீய நோக்கோடு கொடுப்பது வேறு என்று அதே பிரிவு பிரித்துச் சொல்கிறது. தீய நோக்கைத் தனியாக விசாரித்து நிறுவ வேண்டும். உங்கள் முதல் பதிலிலேயே 14ஆம் பிரிவைக் காட்டி மிரட்டினால், குழுவுக்கு உங்களைப் பற்றி உருவாகும் எண்ணம் நல்லதாக இருக்காது.

குற்றப்பத்திரிகை வந்தால்

மற்றப் புகார்கள் முற்றினால் விளக்கம் கேட்கும் ஷோ-காஸ் நோட்டீஸ், பிறகு நிறுவனமே தரும் குற்றப்பத்திரிகை, டொமெஸ்டிக் என்கொயரி எனும் உள்விசாரணை என்று போகும். பீன்யா, பொம்மசந்திரா ஆலைகளில் வேலை செய்கிற தமிழ்த் தொழிலாளர்களுக்கு இது அதிகம் நடக்கிறது. கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள தாளில் படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போடுவதுதான் அங்கே முதல் தவறு. ‘எனக்குப் புரியும் மொழியில் விளக்கித் தாருங்கள்’ என்று அதே தாளில் தமிழிலேயே எழுதலாம். விசாரணையில் உதவிக்கு உடன் வேலை செய்யும் ஒருவரை வைத்துக்கொள்ளக் கேளுங்கள். நிர்வாகத் தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், உங்கள் சாட்சிகளைக் கொண்டுவரவும் வாய்ப்புத் தர வேண்டும். ஒவ்வொரு நாள் நடவடிக்கைத் தாளின் நகலையும் அன்றைக்கே வாங்குங்கள். சஸ்பெண்ட் செய்தால் தொழிலாளர் நிலையில் இருப்பவருக்கு முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும். விசாரணை உங்கள் தவறின்றி நீண்டால் 75 சதவீதமாக உயரும்.

விசாரணை அதிகாரியின் அறிக்கையைத் தராமல் தண்டனை கொடுக்கக் கூடாது என்பது இசிஐஎல் எதிர் கருணாகர் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்று அதிலேயே இருக்கிறது. அறிக்கை வரவில்லை என்றால் இதைக் குறிப்பிட்டு ஒரு மெயில் போடுங்கள். ஐடி ஊழியர்களுக்குக் கர்நாடகத்தில் தனிச் சங்கம் இருக்கிறது. சுருக்கமாகக் கிட்டு என்பார்கள். தொழிலாளர் துறை அலுவலகம் பன்னேர்கட்டா சாலை டெய்ரி சர்க்கிள் பக்கம் கார்மிக பவனில். அங்கே போவதானால் மேலே சொன்ன காலவரிசையும், கடிதங்களின் நகலும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

ராஜினாமாவும் அதன் பிறகும்

‘பேப்பர் போட்டுடுங்க, கிளீனா ரிலீவ் பண்ணிடுறோம்’ என்று ஹெச்ஆர் சொல்லும் கட்டம் சிலருக்கு வரும். அந்த அறையிலேயே முடிவு சொல்லாதீர்கள். ஒரு இரவு அவகாசம் கேளுங்கள். ராஜினாமா கொடுத்ததால் உள்குழு விசாரணை தானாக நின்றுவிடாது. போவதென்று முடிவெடுத்தால் ரிலீவிங் லெட்டரில் என்ன வாசகம், நோட்டீஸ் காலச் சம்பளம், ஃபுல் அண்ட் ஃபைனல் (கணக்குத் தீர்க்கும்) தேதி, பின்னணிச் சரிபார்ப்புக்கு என்ன பதில் தருவார்கள் என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிய பிறகு கடிதம் கொடுங்கள். புது நிறுவனம் அமர்த்தும் ஏஜென்சி ‘ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது?’, ‘மீண்டும் வேலைக்கு எடுப்பீர்களா?’ என்று கேட்கும். வாய்மொழி உறுதி அந்த நேரத்தில் இருக்காது. உறுதி கொடுத்த ஹெச்ஆரே வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

வேலையில் தொடர்கிறீர்கள் என்றால், புகார் கொடுத்தவரோடு பேச்சு மெயிலிலும் டிக்கெட்டிலும் நடக்கட்டும், தனிச் சாட்டில் வேண்டாம். பேசாமல் இருப்பதும் கூடாது. கூட்டத்துக்கு அழைக்காமல் விடுவது, மதிய உணவில் எல்லாரும் எழுந்து போவது எல்லாம் பழிவாங்கலாகத்தான் எண்ணப்படும். உங்களுக்கு அவர்மேல் உண்மையான குறை இருந்தால், விசாரணை முடிந்த பிறகு, அதை மட்டும் தனிப் புகாராக, தேதியோடு கொடுங்கள்.

விசாரணை முடிந்ததும், முடிந்தது என்று எழுத்தில் கேளுங்கள். ‘நிரூபிக்கப்படவில்லை’ என்பதும் ‘எச்சரிக்கையோடு முடிக்கப்பட்டது’ என்பதும் வெவ்வேறு. எச்சரிக்கை என்றால் அது பெர்சனல் ஃபைலில் எவ்வளவு காலம் இருக்கும், அந்த ஆண்டு ரேட்டிங்கில் சேருமா, இன்டர்னல் டிரான்ஸ்ஃபருக்கு விண்ணப்பித்தால் புது மேனேஜருக்குத் தெரியுமா என்பதை அந்த மெயிலிலேயே கேட்டு, வரும் பதிலைப் பிடிஎஃப் ஆக்கி ஆஃபர் லெட்டரோடு வையுங்கள்.